ஐந்தாம் வகுப்பு அறையில் அண்ணன்

மார்கழி 1, சனிக்கிழமை

அணையைத் திறந்துவிட்டவன் எவனோ, அவன் இன்று காலை தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்திருப்பான். எங்கள் வடக்குத்திட்டில் அடுப்பு மூட்ட ஒரு கையகல ஈரமில்லாத தரை கிடையாது.

ஐந்தரை மணிக்குக் கோலம் போடப் போன என் வீட்டுக்காரி கோமு, "வாசல்ல தண்ணி நிக்கி, வந்து பாருங்க" என்றாள். ஆறு மணிக்கு முழங்கால். ஏழு மணிக்கு இடுப்பு. எட்டரை மணிக்கு, ஊரே தொடக்கப் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறி நின்ற பிறகு, அக்கரையில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்து, "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்றது. பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டோம்.

இதைச் சும்மா விடப்போவதில்லை. கலெக்டருக்கு மனு எழுதுவேன். அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி, தேதி போட்டு இந்த நோட்டில் எழுதுகிறேன். நோட்டு தலைமையாசிரியை ஞானசெல்வி டீச்சர் கொடுத்தது. அவர் அக்கரைக்காரர், நேற்று பள்ளிக்கூட வேலை முடிய நேரமாகி, இங்கேயே தங்கி மாட்டிக்கொண்டார்.

என்னைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். சொரிமுத்து, வயது அறுபத்து நாலு. பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஊருக்கும் என் ஐஸ் பெட்டி ஒன்றுதான். தண்ணீர் ஏறியதும் ஜெனரேட்டரையும் பெட்டியையும்தான் முதலில் மேடேற்றினேன். அதற்கும் பேச்சு. "உசுரு பொழைக்க வந்த எடத்துக்குப் பொணப்பெட்டியத் தூக்கிட்டு வாரீரே" என்று வார்டு மெம்பர் வேலாண்டி கேட்டான். நாற்காலி நனைந்தால் காயும், பெட்டி நனைந்தால் மோட்டார் போச்சு. இது அவனுக்கு எங்கே விளங்கப்போகிறது?

அண்ணனை அழைத்து வருவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. சிவனணைந்தான், எழுபத்தொன்று. ஆற்றோரம் முதல் வீடு. தண்ணீர் கட்டிலைத் தொட்ட பிறகும் எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

"பிரமு வந்தா வீடு பூட்டிக் கெடக்கும்லா?"

பிரமு, அதாவது பிரம்மசக்தி, அவருடைய ஒரே பிள்ளை. பதினோரு வருஷத்துக்கு முன் சிப்பித்துறைக் கடற்கரையில் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். வேற்றுச் சாதி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். அதன் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெற்ற தகப்பன் இருக்கிறானா செத்தானா என்று கேட்காத பிள்ளையை என்னவென்று சொல்வது?

மார்கழி 2, ஞாயிறு

மூன்று வகுப்பறை, நூற்று நாற்பது பேர். ஒரு கழிப்பறை. அதற்கு வரிசை.

அண்ணனுக்கு நெஞ்சு வலி. நேற்று கழுத்தளவு தண்ணீரில் நடத்தி வந்தோமே, அந்தக் குளிர் ஏறிவிட்டது. அக்கரையில் நிற்கிற காக்கிச்சட்டைகளைப் பார்த்துத் துண்டை ஆட்டினேன். அவர்களும் கையை ஆட்டினார்கள். கல்யாண வீட்டுக்கு வழியனுப்புகிறார்களா?

மதியம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "பிரமு நம்பரக் குடுலே, ஒரு போன் போடுதேன்" என்றார்.

"எங்கிட்ட ஏது நம்பர்?"

"நீதானலே ஒருக்க அங்க போய்ட்டு வந்த."

"அவ நம்பர மாத்திட்டா" என்றேன். எப்படியும் டவர் இல்லை. நம்பர் இருந்து என்ன, இல்லாமல் என்ன.

சாயங்காலம் டீச்சர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அண்ணன், டீச்சர் முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "லே சொரி, எனக்கு எதும் ஆச்சுன்னா, பிரமு வந்து எம் மொகத்தப் பாத்த பெறகு எடுங்கலே. அதுக்கு முந்தி எடுத்துராத."

"ஒனக்கு ஒண்ணும் ஆகாது, படு" என்றேன்.

மார்கழி 3, திங்கள்

காலை ஏழே காலுக்கு அண்ணன் போய்விட்டார்.

மார்கழி 3, மாலை

ஐந்தாம் வகுப்பு அறையை டீச்சர் ஒழித்துக் கொடுத்தார். பெட்டியைச் சன்னல் ஓரம் போட்டு, அண்ணனைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி உள்ளே வைத்தேன். எத்தனையோ பேரை வைத்திருக்கிறேன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது முடிச்சு விழவே மாட்டேன் என்றது. கோமு வந்து கட்டினாள்.

ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மணி நேரம் நிறுத்தலாம், மூடியைத் திறக்காவிட்டால் குளிர் தாங்கும். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட வந்தார்கள். டவரே இல்லாத ஊரில் எவனோடு பேசப்போகிறார்கள்? எல்லாரையும் விரட்டினேன். இருக்கிற டீசல் அண்ணனுக்கு.

மார்கழி 4, செவ்வாய்

ஹெலிகாப்டர் வந்தது. பிஸ்கட் மூட்டை போட்டது. ஏழு மூட்டையில் ஐந்து ஆற்றில் விழுந்தது. மேலே இருந்து ஒருவன் படம் பிடித்தான். நாங்கள் அண்ணாந்து கையேந்தி நிற்பது நாளைக்குப் பேப்பரில் வரும். ஆற்றில் போன ஐந்து மூட்டை வராது.

மூன்று மணிக்கு டீசல் தீர்ந்தது.

நான்கு மணிக்கு வேலாண்டி பத்துப் பேரோடு வந்தான். "பிள்ளகுட்டி இருக்க எடத்துல இன்னும் எத்தன நாளைக்குவே வச்சுக்கிட்டு இருப்பீரு? பின்னால மணல்மேட்டுல ஒரு குழி. சோலி முடிஞ்சுது."

"அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காவ. பிரமு மொகம் பாக்கணும்."

"ரோடு அத்துப்போய்க் கெடக்கு. அவ என்ன பறந்து வருவாளா?"

"வந்தாத்தான் எடுப்பேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நல்லாருக்குவே. அவ இந்த ஊரு எல்லையே மிதிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு முத ஆளா நின்னது நீருதான?"

அவனுக்கு வாய்க்கொழுப்பு. செத்த வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாத ஜென்மம். மனுவுக்கு அது தேவையில்லை.

டீச்சர் வாசலில் வந்து நின்றார். "அவங்க சொன்னப்ப நானும் இருந்தேன் மெம்பர். ரூம் சாவி எங்கிட்ட இருக்கு. இன்னும் ரெண்டு நாள் பாப்போம்." அவ்வளவுதான். பத்துப் பேரும் கலைந்தார்கள். ஆனால் இரண்டு நாள் பெட்டி தாங்காது. அது இப்போது வெறும் தகரம். மார்கழிக் குளிர் கொஞ்சம் உதவும், நாளை மதியத்துக்கு மேல் அதுவும் உதவாது. என் தொழில் எனக்குத் தெரியும்.

மார்கழி 5, புதன்

படகு வந்துவிட்டது. சர்க்காருடையது அல்ல. கடற்கரையில் இருந்து மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி நெடுஞ்சாலை வரைக்கும் கொண்டுவந்து, அங்கே ஆற்றில் இறக்கி ஓட்டி வந்திருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. உத்தரவு போட வேண்டியவர்கள் அக்கரையில் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு வந்த படகில் இரண்டு பேர். ஓட்டியவன் முப்பத்தைந்து வயதிருக்கும், கறுத்து வாட்டசாட்டமாய், கஸ்பார் என்று பெயர். யாரென்று தெரியாது. முதலில் நிறைமாதக்காரி ஒருத்தியையும் சர்க்கரை வியாதிக்காரர் இரண்டு பேரையும் ஏற்றினான். படகின் நடுக்குழியில் சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பாளங்கள் இருந்தன. கடலுக்குப் போகக் கிளம்பியவர்கள் அப்படியே இங்கே வந்துவிட்டார்களாம்.

"தம்பி, அந்த ஐஸ்ல ரெண்டு பாளம் தருவியா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"எங்க அண்ணன் தவறிட்டாவ. பெட்டிக்குக் கரண்டு இல்ல."

"பேரு?"

"சிவனணைந்தான்."

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். பிறகு நாலு பாளத்தையும் இறக்கினான். இரண்டு கேட்டதற்கு நாலு. தானே ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்தாம் வகுப்பு வாசலில் பாளத்தை இறக்கிவிட்டு, காலை வேட்டியில் துடைத்தான். நூற்று நாற்பது பேர் மிதித்த சேற்றுத் தரைக்கு எதற்குக் கால் துடைக்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஐஸை நானே உடைத்து, கல் உப்பு கலந்து, அண்ணனைச் சுற்றிப் போட்டேன். உப்புப் போட்டால் குளிர் கூடும். குச்சி ஐஸ் விற்கிறவனுக்கே தெரியும்.

மார்கழி 6, வியாழன்

இன்று எனக்கு நேர்ந்த அவமானத்தையும் எழுதத்தான் வேண்டும்.

கஸ்பார் பத்து மணிக்கு மறுபடி வந்தான். இன்னும் ஆறு பாளம் ஐஸ், நாலு மூட்டை உமி, ஒரு சுருள் பாலித்தீன். நான் கேட்கவில்லை. இன்றைக்கு உள்ளே வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தவன், "உப்பு போட்டியளா?" என்றான்.

"ஆமா."

"ஐயோ, ஏன் அண்ணாச்சி? உப்புத்தண்ணி பட்டா தோலு கறுத்து உரிஞ்சிரும்லா?"

முப்பது வருஷமாக இந்தத் தொழில் செய்கிறவனுக்கு இவன் பாடம் எடுக்கிறான். கரண்டில் ஓடும் பெட்டியில் வைத்துத்தான் எனக்குப் பழக்கம், ஒப்புக்கொள்கிறேன், அதற்காக? அவன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியிலிருந்து அண்ணனை எடுத்து பெஞ்சில் கிடத்தச் சொன்னான். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவித் துடைத்தான். தரையில் உமியை ஒரு சாண் உயரம் பரப்பினான். அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பலகை, பலகையின் தலைமாட்டில் இரண்டு செங்கல், உருகுகிற தண்ணீர் கால்பக்கமாய் வடிய. ஐஸைக் கட்டையால் தட்டிப் பொடியாக்கி, பாலித்தீனில் சின்னச் சின்ன மூட்டையாய்க் கட்டினான். கழுத்துக்கு இரண்டு பக்கமும், அக்குளில், வயிற்றின்மேல், தொடையிடுக்கில். முகத்தின்மேல் ஒன்றுகூட வைக்கவில்லை. மேலே சாக்கு, அதன்மேல் மறுபடி உமி.

"இப்படித்தான் அடுக்குவோம். அஞ்சு நா, ஆறு நா கடல்ல கெடந்தாலும் கண்ணு கலங்காது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எங்க அண்ணன் என்ன மீனாலே?"

அவன் கோபப்படவில்லை. "மீனு கெட்டா வெலதான் அண்ணாச்சி போகும். இது கெட்டா, பாக்க வாற பொம்பளைக்கு ஆயுசு பூரா அந்த மொகந்தான நெனப்புல நிக்கும்?"

யார் வரப்போகிறார்கள் என்று அவனிடம் நான் சொல்லவேயில்லை. வேலாண்டி சொல்லியிருப்பான்.

கழுவும்போது அவன் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. "மாமா, கொஞ்சம் தூக்குதேன். இந்தா ஆச்சு மாமா." வயதானவர்களை எல்லாம் அவர்கள் பக்கம் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள் போல.

போகும்போது, "லாரிக்காரர் கிட்ட வீட்டுக்குச் சொல்லி விட்டிருக்கேன். நாளான்னைக்கு வந்துருவாவ" என்றான். யார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்கழி 7, வெள்ளி

தண்ணீர் ஓரடி இறங்கியிருக்கிறது. வாசனை எதுவும் இல்லை. காலையும் மாலையும் மூட்டைகளை மாற்றினேன், அவன் காட்டிக்கொடுத்தபடியே. வேலாண்டிகூட வந்து பார்த்து, "தூங்குத மாதிரில்லா இருக்காவ" என்றான்.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கஸ்பார் யாரென்று தெரியாது என்று புதன்கிழமை எழுதியிருக்கிறேன். பொய். படகு கரை தட்டும்போதே தெரிந்துவிட்டது. எவனும் படிக்காத நோட்டில்கூட எனக்குப் பொய் சொல்லத்தான் கை போகிறது. எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் என் மகளுக்கு நிச்சயம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார், "ஒங்க அண்ணன் வீட்டுப் பிள்ள ஓடிப் போயிட்டாமே, போக்குவரத்து இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அதை உண்மையாக்க வேண்டியிருந்தது. அண்ணனோ, "கோவம் எல்லாம் போச்சுலே, நீ போய்க் கூட்டிட்டு வா" என்று என்னைத்தான் அனுப்பினார். பஸ் ஏறிச் சிப்பித்துறைக்குப் போனேன். பிரமு ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்றாள்.

"அப்பா என்ன சொன்னாவ சித்தப்பா?"

"ஒங்கப்பா ஒனக்குத் தலமுழுகிட்டாவ. இனி அந்தப் பக்கம் வந்துராத" என்றேன்.

அவளுக்குப் பின்னால் வலையைத் தைத்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, "உள்ள வந்து ஒரு வாய் காப்பியாவது குடிச்சிட்டுப் போங்க" என்றான். அந்த முகத்தை மறக்கவில்லை. இங்கே வந்து அண்ணனிடம், "கதவச் சாத்திட்டா. ஒன்னப் பாக்க இஷ்டம் இல்லயாம்" என்றேன். நம்பரை மாற்றிவிட்டாள் என்று சொன்னதும் அந்தக் கதையின் மிச்சம்தான்.

என் மகள் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அண்ணன்தான் முன்னால் நின்று தாம்பூலம் கொடுத்தார்.

அணையைத் திறந்தவன் சொல்லாமல் திறந்தான் என்று முதல் பக்கத்தில் குதித்திருக்கிறேன். குதிக்க எனக்கு என்ன யோக்கியதை?

மார்கழி 8, சனி

பதினொன்றரைக்குப் பிரமு வந்தாள். படகில் இருந்து இறங்கும்போது கஸ்பார் கை கொடுத்தான். காதோரம் முடி நரைத்திருக்கிறது. ஊரே இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. வேலாண்டிகூட ஒதுங்கினான்.

கஸ்பார் உமியைத் தள்ளிச் சாக்கை விலக்கினான். அண்ணன் முகம் அப்படியே இருந்தது. மீசையில் ஒட்டியிருந்த ஒரு துளி தண்ணீரைப் பிரமு முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கன்னத்தில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்கவேயில்லை. அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

"பிரமு" என்றேன். "ஒங்கப்பா அப்படிச் சொல்லல. ஒன்னக் கூட்டிட்டு வரத்தான் என்ன அனுப்புனாவ. நானாத்தான் சொன்னேன். ரெண்டு பக்கமும் நானாத்தான் சொன்னேன்."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். கோமு என்னைப் பார்த்த பார்வையை இந்த நோட்டில் எழுத முடியாது. அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

பிரமு கையை எடுக்காமலே கேட்டாள். "தலமுழுகிட்டாவன்னு சொன்னியளே சித்தப்பா. எந்தப் படித்துறையில முழுகுனாவ? எத்தன மணிக்கு? நீங்க கூட நின்னு பாத்தியளா?"

அப்போதுதான் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"உசுரோட இருந்த மனுசனுக்குப் பதினோரு வருசமா அழுது முடிச்சிட்டேன். இன்னைக்கு அழுறதுக்கு எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? சொல்லுங்க."

கஸ்பார் அவள் தோளைத் தொட்டான். "வா பிரமு. நேரமாவுது. மாமாவ இதுக்கு மேல வைக்கக் கூடாது."

மணல்மேட்டில் குழி வெட்டினார்கள். கிளம்புமுன் வாய்க்கரிசி போட வேண்டும். ஊரில் அரிசி எங்கே இருக்கிறது? டீச்சர் சத்துணவு மூட்டையைப் பிரித்து ஒரு படி அளந்து கொடுத்தார். பிரமு முதலில் போட்டாள். பிறகு கஸ்பாரைக் கூப்பிட்டாள். கூட்டத்தில் யாரோ முனகினார்கள். "நாலு நாளா உங்கள்ல யாரு அவர மீனு மாதிரி பொத்திப் பொத்தி வச்சா?" என்று டீச்சர் கேட்டார். முனகல் நின்றது. அவன் குனிந்து, அண்ணன் உதட்டில் மூன்று தடவை போட்டான்.

அடுத்தது நான். கூடப்பிறந்தவன். ஒரு பிடி அள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

பிரமு குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க போட வேண்டாம் சித்தப்பா."

"விடு பிரமு" என்றான் கஸ்பார். "சின்ன மாமாதான அஞ்சு நா காவல் இருந்தாவ. போட்டுட்டுப் போவட்டும்."

"வேண்டாம்" என்றாள். சத்தம் போடவில்லை. "காவல் இருந்ததுக்கு நன்றி. அரிசி போட வேண்டாம்."

ஊரே என்னைப் பார்த்தது. இந்த எட்டு நாளும் எல்லார் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு துளியாவது அப்போது அவள்மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னது நியாயம். நான் விலகி நின்றேன். தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் வகுப்பு அறையில் உமியைக் கூட்டி ஒதுக்கினேன். பெட்டியைத் துடைத்து மூடினேன். கலெக்டர் மனுவை வேறு யாராவது எழுதட்டும். எழுத வேண்டியதுதான், அணையைத் திறந்தவனை விடக்கூடாது. ஆனால் இந்த நோட்டு அதற்கு ஆகாது.

பேனாவை எடுக்கும்போதுதான் கவனித்தேன், இடது கை இன்னும் மூடியே இருக்கிறது. அந்த ஒரு பிடி அரிசி உள்ளே ஊறிப்போயிருக்கிறது. அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை.